ஒரே சுருதியிலிருந்து வெளியே: பாப் டிலனின் ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1975 ஜனவரியில் கொலம்பியா நிறுவனத்துக்காக வெளியிட்ட ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன். அவருடைய பதினைந்தாவது ஸ்டூடியோ ஆல்பம் இது. இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அவருடைய மணவாழ்க்கையில் விழுந்த விரிசலுக்குத்தான் பேச்சு போய்ச் சேரும். விரிசல் இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிக் குவித்தும் விட்டார்கள். கிட்டாரின் ஆறு கம்பிகளை அவர் எந்தச் சுருதியில் வைத்தார், பிறகு ஏன் அதை விட்டார் என்பதைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு. இந்த ஆல்பத்தின் குணத்தைத் தீர்மானித்தது அதுதான் என்பது என் கட்சி. காதால் கேட்டே அதைச் சரிபார்க்கலாம்.

சாதாரணமாக கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டுவார்கள். 1974 செப்டம்பரில் நியூயார்க் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது டிலன் வைத்திருந்தது ‘ஓப்பன் இ’ ட்யூனிங். அதாவது இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையில் ச, ப, ச, க, ப, ச. க என்பது அந்தர காந்தாரம். இடது கையால் எதையும் தொடாமல் ஆறு கம்பிகளையும் மீட்டினாலே முழு மேஜர் கார்டு, அதாவது ச, க, ப சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, கிடைத்துவிடும். தம்புராவைப் போல ஷட்ஜமும் பஞ்சமமும் அடியில் ஓடிக்கொண்டே இருக்க, ஒன்றிரண்டு விரல்களை மேலே நகர்த்தினால் போதும், பாட்டு நடக்கும். பாடுகிறவருக்கு இது பெரிய வசதி. கை வேலை குறைகிறது, கவனம் முழுக்கச் சொல்லின் மேல் நிற்கிறது.

வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுவார்கள்: மெல்லியது முதல் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. நேரடியாக ஓப்பன் இ வைக்கும்போது ஐந்தாம், நான்காம் கம்பிகளை ஒரு முழு ஸ்வரமும், மூன்றாம் கம்பியை அரை ஸ்வரமும் ஏற்ற வேண்டும். சுருதி ஒரு முழு ஸ்வரம் ஏறினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 26 சதவீதம் கூடும். அரை ஸ்வரத்துக்கு 12 சதவீதம். பழைய கிட்டாராக இருந்தால் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும், மூன்றாம் கம்பி அறும். அதனால் ‘ஓப்பன் டி’ வைத்து கழுத்தின் குறுக்கே பதித்த கட்டுகளில் இரண்டாவதில், அதாவது இரண்டாம் ஃப்ரெட்டில், எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்பான கேப்போவைப் போடுவதே நல்லது. ஒலிக்கும் சுருதி அதே இ தான்.

ஓப்பன் டி-க்கு ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் தொடாதீர்கள். ஆறாம் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கி, நான்காம் கம்பியோடு சேர்த்து மீட்டி, மேல் ஷட்ஜம் கீழ் ஷட்ஜமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். முதல் கம்பியும் டி-க்கு. இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து ஏ-க்கு இறக்கி ஐந்தாம் கம்பியோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் கம்பியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு. ஒவ்வொன்றையும் தேவைக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கழுத்தின் தலைப்பில் கம்பிகள் அமரும் நட்டில் சிக்கியிருக்கும் கம்பி இரண்டு நிமிடத்தில் நழுவிவிடும். நான்கு கம்பிகள் தளர்ந்ததால் கழுத்தின் மேல் உள்ள இழுவை குறைந்து, தொடாத இரண்டு கம்பிகளும் சற்று ஏறியிருக்கும். ஆகவே எல்லாம் முடிந்தபின் முதலிலிருந்து இன்னொரு சுற்று பார்க்க வேண்டும். ஆறாம் கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் அதிர்ந்து இரைந்தால் 12 கேஜ் கம்பி செட்டுக்குப் பதிலாக இன்னும் தடித்த 13 கேஜ் செட் போடுங்கள். கேப்போ ஃப்ரெட்டை ஒட்டி, அதன் பின்னால் உட்கார வேண்டும். இறுக்கம் அதிகமானால் தடித்த கம்பிகள் சுருதி ஏறும்.

மூன்றாம் கம்பியில்தான் பலரும் இடறுகிறார்கள். எலக்ட்ரானிக் ட்யூனர் காட்டுவது சமமாகப் பங்கிட்ட காந்தாரம், ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். அரை ஸ்வரம் நூறு சென்ட் என்ற கணக்கில் சொல்கிறேன். காதுக்கு இழையும் காந்தாரம் 386 சென்ட். ட்யூனர் காட்டியபடி வைத்தால் திறந்த கார்டு கரகரக்கும். முழுதாக 14 சென்ட் இறக்கினால் திறந்த கார்டு தேனாக இருக்கும். ஆனால் அதே கம்பியின் முதல் ஃப்ரெட்டில் மத்யமத்தைப் பிடிக்கும்போது அது 12 சென்ட் தாழ்ந்து ஒலிக்கும். ஐந்து முதல் ஏழு சென்ட் இறக்கி நிறுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இந்த ட்யூனிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கூட வாசிப்பவருக்கு வரும் சிக்கல் அது.

நியூயார்க் பதிவு 1974 செப்டம்பர் 16 முதல் 19 வரை நடந்தது. ஏழாம் அவென்யூவில் இருந்த ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் கொலம்பியாவின் ஸ்டூடியோ ஏ ஆக இருந்த இடம் அது. டிலனின் ஆரம்பகால ஆல்பங்கள் அங்கேதான் பதிவாகின. இன்ஜினியர் ஃபில் ரமோன். முதல் நாள் எரிக் வைஸ்பெர்க்கும் அவருடைய டெலிவரன்ஸ் குழுவும் வந்திருந்தார்கள். எல்லாருமே தேர்ந்த கைகள். இருந்தும் அந்தக் குழுவோடு எடுத்ததில் ஆல்பத்தில் நின்றது ‘மீட் மீ இன் த மார்னிங்’ ஒன்றுதான். ஸ்டூடியோ கிட்டாரிஸ்டுகள் புதுப் பாட்டைப் பிடிப்பது பாடகரின் இடது கையைப் பார்த்து. சாதாரண ட்யூனிங்கில் விரல் அமைப்பைப் பார்த்த மாத்திரத்தில் கார்டின் பெயர் சொல்லிவிடலாம். ஓப்பன் ட்யூனிங்கில் அந்தக் கண்கணக்கு தப்பிவிடும். ஒரே விரல் ஒரே கம்பியில் இருக்கும், ஒலிப்பது வேறு ஏதோ கார்டாக இருக்கும். டிலன் கார்டு பெயர்களை உட்கார்ந்து சொல்லித்தருகிறவரும் இல்லை. ஒருமுறை வாசித்துக் காட்டுவார், அடுத்தது டேக், அதாவது பதிவு. மறுநாளிலிருந்து குழு குறைந்தது. பேஸ் கிட்டாரிஸ்ட் டோனி பிரவுன் தொடர்ந்தார். பால் கிரிஃபின் ஆர்கனுக்கும், பட்டி கேஜ் பெடல் ஸ்டீலுக்கும் வந்து போனார்கள்.

மிஞ்சிய பதிவுகளின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: டிலனின் குரல், கிட்டார், ஹார்மோனிகா, பிரவுனின் பேஸ். குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் எடுத்தால் குரல் மைக்கில் கிட்டாரும், கிட்டார் மைக்கில் குரலும் விழும். ஒரு சொல் பிசகினால் அந்தச் சொல்லை மட்டும் மாற்ற முடியாது. முழு டேக்கையும் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். அதனால்தான் சில நியூயார்க் டேக்குகளில் சட்டைப் பொத்தான் கிட்டார் உடம்பில் உரசும் டிக் டிக் சத்தம்கூட அப்படியே இருக்கிறது.

இப்போது ‘சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்’ பாட்டுக்கு வருவோம். ஓப்பன் ட்யூனிங் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கார்டு வரிசையைப் பாருங்கள்: இ மேஜர், இ மேஜர் செவன், இ செவன், ஏ மேஜர், ஏ மைனர், மறுபடி இ. ஒவ்வொரு கார்டிலிருந்தும் ஒரு ஸ்வரத்தை உருவி எடுத்துக் கோத்தால் ச, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், ப என்று அரை அரை ஸ்வரமாக ஒரு இறக்கம் வரும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு, நடுவில் ஒரு படியும் விடாமல். வாசித்துப் பார்க்க, இரண்டாம் கம்பியில் கேப்போவிலிருந்து எண்ணி ஐந்தாம் ஃப்ரெட்டில் விரலை வையுங்கள். அடுத்து 4, 3, 2, 1, பிறகு திறந்த கம்பி. ஒரே கம்பி, ஒரே விரல்.

விரல் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடியில் தடித்த கம்பியின் ஷட்ஜம் ஓயாமல் ஒலிக்கிறது. ஏ மேஜருக்குப் போகும் இடத்திலும் கிட்டார் ஷட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் மாற்றம் காதில் முழுதாக விழாது. அந்த இடத்தில் பேஸ் கிட்டார் ஏ-யைத் தொட்டால்தான் கார்டு மாறியது புலப்படும். இந்தப் பாட்டைப் போடும்போது குரலை விட்டுவிட்டு ஒருமுறை பிரவுனை மட்டும் பின்தொடருங்கள். அவர் வாசிப்பது குறைவு, ஆனால் எங்கே தேவையோ அங்கே இருக்கிறார். ‘ஷெல்டர் ஃபிரம் த ஸ்டார்ம்’ பாட்டிலும் இதே கதைதான். மூன்றே கார்டு, பத்துச் சரணம், நடுவில் வேறு மெட்டு கிடையாது. ஐந்து நிமிடம் அது சலிக்காமல் ஓடுவதில் பேஸின் நகர்வுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பாடல் வரிகளைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். 1974-இல் டிலன் நியூயார்க்கில் நார்மன் ரேபன் என்ற ஓவிய ஆசிரியரிடம் படித்தார். யித்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலைக்கெமின் மகன் அவர். காலத்தை நேர்க்கோட்டில் வைக்காமல், நேற்றும் இன்றும் நாளையும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி எழுதக் கற்றது அவரிடம்தான் என்று டிலன் பிற்காலத்தில் சொன்னார். ‘சிம்பிள் ட்விஸ்ட்’ பெரும்பாலும் ‘அவன்’, ‘அவள்’ என்று போய்க் கடைசிச் சரணத்தில் ‘நான்’ ஆகிவிடுகிறது. ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’ நியூயார்க் பதிவில் ‘அவன்’ என்று தொடங்கியது. ஆல்பத்தில் வந்த பதிவில் தொடக்கமே ‘நான்’.

செப்டம்பரில் பத்துப் பாட்டும் முடிந்தன. சோதனை எல்.பி.யும் அச்சாயிற்று, அட்டையும் அச்சாயிற்று. டிசம்பரில் மின்னசோட்டாவுக்குப் போன டிலன் அதைத் தன் தம்பி டேவிட் ஸிம்மர்மேனுக்குப் போட்டுக் காட்டினார். சில பாட்டுகளைத் திரும்ப எடுக்கலாம் என்று தம்பி சொன்னார். வானொலியில் எடுபடாது என்ற கவலை இருந்ததாகச் சொல்வார்கள். சோதனை எல்.பி.யை ஒரே மூச்சில் கேட்டால் தம்பியின் காது எதை உணர்ந்தது என்று நமக்கும் தெரியும். 2019-இல் அது ஒரு சிறப்பு எல்.பி.யாக வெளிவந்ததால் இன்று யாரும் கேட்கலாம். பாட்டுகள் ஏறத்தாழ எல்லாமே அதே ஓப்பன் ட்யூனிங்கில், அதே மூன்று கட்டையில் நிற்கின்றன. கச்சேரி முழுக்க ஒரே சுருதியில் நடக்கும் மரபு நமக்கு உண்டு, ஆனால் அங்கே ராகம் மாறும். இங்கே எல்லாம் மேஜர், எல்லாம் அதே இ, எல்லாம் ஒரே கிட்டாரின் ஒரே திறந்த கார்டு. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அபாரம். வரிசையாகக் கேட்டால் ஆறாவது பாட்டுக்கு வரும்போது காது களைத்துவிடுகிறது.

மினியாபோலிஸில் சவுண்ட் 80 ஸ்டூடியோ. டிசம்பர் 27 அன்று ‘இடியட் விண்ட்’, ‘யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்’. டிசம்பர் 30 அன்று ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’, ‘லில்லி, ரோஸ்மேரி அண்ட் த ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்’, ‘இஃப் யூ சீ ஹர், சே ஹலோ’. இரண்டே நாளில் ஐந்து பாட்டு. இன்ஜினியர் பால் மார்டின்சன். வாசித்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க் கலைஞர்கள்: கெவின் ஒடேகார்ட், கிறிஸ் வெபர் இருவரும் கிட்டார், பில் பீட்டர்சன் பேஸ், கிரெக் இன்ஹோஃபர் கீபோர்டு, பில் பெர்க் டிரம்ஸ், பீட்டர் ஆஸ்ட்ரூஷ்கோ மேண்டலின். அட்டை முன்பே அச்சாகிவிட்டதால் இவர்கள் பெயர் அதில் இல்லை. பல ஆண்டுகள் மறுபதிப்புகளிலும் சேர்க்கவில்லை. இந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே வேலை நடந்த விதத்தைக் கவனியுங்கள். வெபர் ஊரில் கிட்டார் கடை வைத்திருந்தவர். டிலன் முதலில் அவரிடம் ‘இடியட் விண்ட்’ கார்டுகளைக் காட்டினார், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நியூயார்க்கின் முதல் நாளில் இல்லாமல் போனது இந்த இடைப்பட்ட ஒரு படிதான். ‘இடியட் விண்ட்’ இப்போது ஜி-யில். ஆனால் சரணம் தொடங்குவது சி மைனரில். பிறகு டி, அதற்குப் பிறகே ஜி. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. மேலே ஒலிக்கும் ஹேமண்ட் ஆர்கனைப் பின்னால் சேர்த்தவர் டிலனேதான்.

‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’ முதலில் ஜி-யில் ஓடியது. சுமார்தான் என்று சொன்ன ஒடேகார்ட், ஏ-க்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார். அதாவது ஐந்து கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு. இரண்டே ஃப்ரெட், கேப்போ போட்டால் முடிந்த வேலை. ஆனால் பாடுகிறவருக்கு அந்த ஒரு முழு ஸ்வரம் பெரிய விஷயம். ஜி-யில் சௌகரியமாக எட்டிய உச்ச ஸ்வரங்களை இப்போது எம்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அந்த எம்பலைக் கேட்கலாம். பாட்டின் வேகத்துக்குக் காரணம் டிரம்ஸ் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பில் பெர்க்கின் ஹை-ஹாட்டை மனதிலிருந்து அகற்றிவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். வேகம் குரலிலேயே இருக்கிறது. ‘லில்லி’ டி-க்குப் போனது. எட்டு நிமிடம் 51 விநாடி ஓடும் கதைப்பாட்டு அது. மறுபதிவு அவசியமாகத் தேவைப்பட்ட பாட்டு அதுதான்.

‘இஃப் யூ சீ ஹர்’ விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மினியாபோலிஸ் பதிவில் மேண்டலின் அலங்காரம் கழுத்தின் உச்சியில் பறக்கிறது. மேண்டலினின் கம்பி நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் அதிர்வதற்கு 17 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், நாதம் மெலிந்துவிடும். அவ்வளவு மேலே நன்றாக ஒலிக்காது என்று ஆஸ்ட்ரூஷ்கோ தயங்க, டிலன் மேண்டலினை வாங்கித் தானே வாசித்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாட்டுக்கு அந்த அழகு சுமை. நியூயார்க் பதிவில் அடக்கிக்கொண்டு பாடுகிறவரின் தொண்டை தெரிகிறது. மாற்றியிருக்கக் கூடாத பாட்டு ஒன்று உண்டென்றால் இதுதான். ‘இடியட் விண்ட்’ பாட்டை மட்டும் இரண்டு வடிவத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் அது துக்கம், டிசம்பரில் கோபம்.

கடைசியில் நின்ற வரிசையில் மூன்று கட்டைப் பாட்டுகள் ஐந்து, வேறு சுருதிப் பாட்டுகள் ஐந்து, ஒன்றுக்கொன்று ஊடே கலந்து. ஏ-யில் திறந்து, அடுத்த பாட்டிலேயே இ-க்கு இறங்கும் அந்தத் தாவல் இருக்கிறதே, ‘சிம்பிள் ட்விஸ்ட்’ பாட்டின் தனிமைக்குப் பாதி பலம் அங்கிருந்துதான் வருகிறது. ஓப்பன் ட்யூனிங்கின் அமைதி நமக்குப் புலப்படுவதே அது இல்லாத பாட்டுகள் பக்கத்தில் இருப்பதால்தான்.

கூட வாசிக்க உட்காருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆல்பத்தைத் தயார் செய்தபோது டிலன் கேட்டுக்கொண்டபடி ரமோன் பல மாஸ்டர்களை, அதாவது இறுதி ஒலிநாடாக்களை, இரண்டு, மூன்று சதவீதம் வேகம் கூட்டினார். வானொலிக்காக அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்ததுதான். டேப்பின் வேகம் கூடினால் சுருதியும் ஏறும். இரண்டு சதவீதத்துக்கு 34 சென்ட், மூன்று சதவீதத்துக்கு 51 சென்ட். ஆகவே பாட்டு இ-யிலும் இல்லாமல் எஃப்-பிலும் இல்லாமல் நடுவில் தொங்கும். உங்கள் கிட்டார் தப்பாக இருக்கிறது என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கிட்டாரையாவது ஏற்றிக்கொள்ளலாம், ஹார்மோனிகாவை ஒன்றும் செய்ய முடியாது. பாட்டைக் கணினியில் போட்டு வேகத்தை 97.5 சதவீதமாக வைத்துத் தொடங்குங்கள். சுருதியும் சேர்ந்து இறங்கும் வகையில் வைக்க வேண்டும். சுருதியை அப்படியே பிடித்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி இதற்கு உதவாது. இல்லையென்றால் 2018-இல் வந்த ‘மோர் பிளட், மோர் டிராக்ஸ்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய பதிப்பில் 87 பதிவுகள் உண்டு. நியூயார்க் டேக்குகள் அதில் வேகம் கூட்டாமல், பதிவானபடியே இருக்கின்றன.

எல்.பி.யில் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 52 நிமிடம், பக்கத்துக்கு 25, 26 நிமிடம். ஒரு பக்கத்துக்கு இது அதிகம். பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால் ஒலி அளவைக் குறைத்தே வெட்டுவார்கள், பின்னணி இரைச்சல் சற்றுத் தூக்கலாகத் தெரியும். தட்டு ஒரே சீராகச் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால், உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைந்த நீளத்தில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் ஆர்கனும் டிரம்ஸும் குரலும் ஒருசேர உயரும் ‘இடியட் விண்ட்’ அந்த உள்பகுதியை நெருங்கி நிற்கிறது. அதன் கடைசிச் சரணத்தில் ‘ஸ்’ ஒலிகள் சீறினால் ஆல்பத்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஊசியைத் துடையுங்கள், பிறகு கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் ஊசியின் எடையையும் சரிபாருங்கள். இரண்டாம் பக்கத்தின் உள் ஓரத்தில் ‘பக்கெட்ஸ் ஆஃப் ரெயின்’ இருக்கிறது, கிட்டாரும் பேஸும் மட்டும். அந்த இடத்தில் வைக்க அதைவிடப் பொருத்தமான பாட்டு ஆல்பத்தில் இல்லை. அதிலும் கட்டைவிரல் மீட்டும் ஆறாம் கம்பி உடைந்து ஒலித்தால் ஊசியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.